1,800 வெள்ளி கட்டி அந்த மாநாட்டுக்குப் போகணுமா? வானியல்ல ஏஐ பண்ண ஆசப்படுற தங்கச்சிக்கு ஒரு நீளமான பதில்

தங்கச்சி, நீ கேட்டத மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. நீ கே.எல்-ல (கோலாலம்பூர்) மூணாவது வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற, பிசிக்ஸ் ஸ்கூல்ல எழுதுன எஸ்.பி.எம் பரீட்சையோட சரி, ஆனா சின்ன வயசுல பிளானட்டேரியம் நெகாராவுக்கு ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனதுல இருந்து நட்சத்திரம்னா பைத்தியம். இப்ப ஏஐயும் வானியலும் சேர்ற எடத்துல எதாவது செய்யணும்னு ஆச. போன வாரம் ஒரு மெயில் வந்திருக்கு, கே.எல்-ல ஒரு ஹோட்டல்ல "அனைத்துலக மாநாடு", ஏஐ, விண்வெளி, இன்ஜினியரிங், மேனேஜ்மென்ட் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ, 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டுனா மேடையில ஆய்வுப் பேப்பர் படிக்கலாம், சிஜில், அதான் சர்டிபிகேட், குடுப்பாங்க. கட்டலாமா, இல்லாட்டி வேற எங்க பயிற்சி இருக்கு, எந்த மாநாடு நெசமான மாநாடு, இதான உன் கேள்வி.

கட்டாத.

ஏன் இவ்ளோ தீர்மானமா சொல்றேன்னா நான் கட்டியிருக்கேன். பல வருஷத்துக்கு முன்னாடி, வேலைக்குப் போயிக்கிட்டே பார்ட் டைம்ல மாஸ்டர்ஸ் பண்ணிக்கிட்டு இருந்தப்ப, இதே மாதிரி ஒரு மெயில் வந்துச்சு, "உங்கள் சிறப்பான ஆய்வைக் கண்டோம்"னு. அப்ப நான் ஆய்வே ஆரம்பிக்கல! இருந்தாலும் பேர் போட்டு மரியாதையா கூப்புடுறாங்களேன்னு ஒரு பெரும, போனேன். ரூம்ல பதினோரு பேர். எனக்கு முன்னாடி பேசுனவரு கோழிப்பண்ண கணக்கு, எனக்குப் பின்னாடி ஒரு அம்மா ஹோட்டல் மேனேஜ்மென்ட், நடுவுல நான் நட்சத்திரத்தோட வெளிச்சம் கூடிக் கொறையறதப் பத்தி. ஒரு கேள்வி வந்துச்சு, "ஜோசியத்துக்கு இது உதவுமா". பஃபே நல்லா இருந்துச்சு, அத மறுக்க மாட்டேன். சிஜில் இன்னமும் அம்மா வீட்டு அலமாரில இருக்கு, அத வச்சு இதுவரைக்கும் எனக்கு ஒரு கதவும் தொறக்கல.

நெசமான மாநாட்ட எப்புடிக் கண்டுபுடிக்கிறதுன்னா, போன வருஷம் அங்க பேசுனவங்க பேர எடுத்து, அவங்க சமீபத்துல என்ன பேப்பர் எழுதியிருக்காங்கன்னு ஆர்க்கைவ் ப்ரீபிரிண்ட் தளத்துல தேடு. வானியல் ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாரும் பேப்பர அங்க இலவசமா போட்டுருவாங்க, அதுல வானியல் கருவிகளும் முறைகளும்னு தனிப் பிரிவே இருக்கு, ஏஐ சமாச்சாரம் நெறைய அங்கதான் வந்து விழும். பேசுனவங்க யாரையும் அங்க காணோம்னா அந்த மாநாட்டுக்கு உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். இன்னொண்ணு, எல்லாத் துறையும் ஒரே மேடையில இருக்குன்னா ஓடிரு. நெசமான மாநாட்டுல தலைப்பு எரிச்சல் வர்ற அளவுக்குச் சின்னதா இருக்கும்.

சரி, இப்ப நல்ல சேதி. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரி நீ பின்னாடி நிக்கிறதா நெனச்சிக்கிட்டு இருக்க, அது தப்பு. என் கதையவே சொல்றேன். நான் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில சிப் இன்ஸ்பெக்ஷன் செக்ஷன்ல இருக்கேன். எங்க வேல என்னன்னா, நல்ல சிப்போட படம் ஒண்ணு கையில இருக்கும், புதுசா லைன்ல வர்ற சிப்ப படம் எடுத்து, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கழிச்சா மிச்சம் நிக்கிறது குறை. ஆனா மிச்சம் நிக்கிறதெல்லாம் குறை கெடையாது, தூசி விழுந்திருக்கும், வெளிச்சம் லேசா மாறியிருக்கும், படம் ஒரு மயிரிழ நகந்திருக்கும், எல்லாமே மிச்சமா வந்து நிக்கும். அதுல நெசம் எது பொய் எதுன்னு பிரிக்கத்தான் எங்களுக்கு ஏஐ மாடல். மாஸ்டர்ஸ்ல சூப்பர்நோவா தேடுறவங்க பேப்பர் ஒண்ண மொத மொதல்ல படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா அவங்களும் அச்சு அசலா அதேதான் பண்றாங்க. பழைய வானத்துப் படத்த இன்னைக்கு ராத்திரி எடுத்ததுல இருந்து கழிக்கிறாங்க, மிச்சம் நிக்கிற புள்ளி வெடிச்ச நட்சத்திரமா, இல்ல கேமராக் கோளாறா, காஸ்மிக் கதிர் பட்ட தடமா, இதப் பிரிக்க ஒரு மாடல். அதுக்கு "ரியல்-போகஸ்"னே, அதாவது நெசமா பொய்யான்னே, பேர் வச்சிருக்காங்க. பாயான் லெப்பாஸ்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச வித்தை அது, தெரியும்னு அவங்களுக்குத்தான் தெரியாது.

ஏன் இது இப்ப இவ்ளோ பெருசாச்சுன்னா, சிலில செர்ரோ பச்சோன் மலை மேல வேரா ரூபின் ஆய்வகம்னு ஒண்ணு, 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா, 2025 ஜூன் மாசம் மொதல் படங்கள வெளியிட்டாங்க. அது பத்து வருஷம் தெக்கு வானத்த திரும்பத் திரும்ப படம் எடுக்கும், ஒரு ராத்திரிக்கு சுமார் 20 டெராபைட், "இங்க எதோ மாறியிருக்கு"ன்னு வர்ற எச்சரிக்கை மட்டும் ராத்திரிக்கு ஒரு கோடி வரைக்கும் போகும்னு கணக்கு. எந்தப் பிஎச்டி மாணவனும் உக்காந்து ஒரு கோடிப் புள்ளியப் பாக்க முடியாது லா. அதனாலதான் அவங்களுக்கு உன்ன மாதிரி ஆளு தேவ.

நம்ம ஊருக்கு இதுல இன்னொரு வசதியும் இருக்கு. பினாங்கு அஞ்சு டிகிரி வடக்குல இருக்கு, வடக்கு வானமும் தெக்கு வானமும் ரெண்டுமே தெரியுற எடம், ஆனா என்ன பிரயோஜனம், மேகம் விடணுமே. பாலிக் புலாவ் பக்கம் பந்தாய் ஆச்சேல ஷேக் தாஹிர் வானாய்வு மையம் இருக்கு, நானும் போயிருக்கேன், அடுத்த தடவ இங்க வந்தா நீயும் போய்ப் பாரு. ஆனா நீ பண்ணப் போற வேலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்ல, டேட்டா சிலில இருந்து வந்தாலும் கலிஃபோர்னியால இருந்து வந்தாலும் செந்தூல் ரூம்ல உக்காந்து பாத்துக்கலாம்.

இப்ப பயிற்சிக்கு வர்றேன். எல்லாரும் வரிசைய மாத்திப் போட்டுதான் காசக் கரியாக்குறாங்க. மாநாடு, அப்புறம் பயிற்சி, அப்புறம் ப்ராஜெக்ட்னு போவாங்க. தலைகீழாப் போகணும். கையில ஒரு சின்ன ப்ராஜெக்ட் இருந்தாத்தான் நல்ல பயிற்சிப் பள்ளில எடம் கெடைக்கும், அந்தப் பள்ளில பழகுனவங்க மூலமாத்தான் மாநாட்டுல பேச வாய்ப்பு வரும். ஏன்னா நல்ல பள்ளி எதுவுமே காசக் கட்டுனா உள்ள விடுற எடம் கெடையாது, விண்ணப்பத்துல "இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்க"ன்னு ஒரு பெட்டி இருக்கும், அந்தப் பெட்டிதான் எல்லாம்.

அந்தப் பெட்டிய நெரப்ப மூணு வழி சொல்றேன், மூணும் நான் உக்காந்து பாத்தது. ஒண்ண மட்டும் எடு, மூணையும் ஆரம்பிச்சு மூணையும் பாதியில விடாத.

மொதலாவது, கேலக்ஸி படங்கள். 2007-ல கேலக்ஸி ஜூன்னு ஆரம்பிச்சாங்க, பொதுமக்களே கேலக்ஸி படத்தப் பாத்து இது சுருளா, உருண்டையான்னு சொல்றது. அந்த ஓட்டுகள வச்சு காகிள்ங்கிற டேட்டா போட்டித் தளத்துல ஒரு போட்டி வச்சாங்க, ஜெயிச்சவரு 2014-ல சாண்டர் டீல்மான்னு ஒருத்தரு. பயிற்சிக்கு 61,578 படம், ஒவ்வொண்ணுக்கும் 37 எண்ண மாடல் கணிக்கணும். அவரு புடிச்ச விஷயம் கேக்க ரொம்பச் சாதாரணமா இருக்கும்: வானத்துல மேல கீழ கெடையாது. பூனையத் தலகீழாப் போட்டா அது தலகீழான பூன, கேலக்ஸியத் திருப்பிப் போட்டா அது அதே கேலக்ஸி. இத அவரோட ஏஐ மாடலுக்கு, அதான் நியூரல் நெட்வொர்க்குக்கு, உள்ளயே சொல்லிக் குடுத்தாரு. டேட்டா இன்னமும் காகிள்ல கெடக்கு, வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜிபியு (மாடல் பழக்குற வேகமான சிப்) ஓசியாவும் குடுக்குறாங்க, உன் லேப்டாப் சூடாகி வெடிக்க வேண்டியதில்ல.

ரெண்டாவது, வேற கிரகங்களத் தேடுறது. கெப்ளர் தொலைநோக்கி நட்சத்திரத்தோட வெளிச்சத்த தொடர்ந்து அளந்துச்சு, கிரகம் குறுக்க போனா வெளிச்சம் துளியூண்டு கொறையும். 2017 டிசம்பர்ல கிறிஸ்டோபர் ஷல்யூ, ஆண்ட்ரூ வாண்டர்பர்க் ரெண்டு பேரும், ஏற்கெனவே மனுஷங்க பாத்து முடிவு சொன்ன 15,000-க்கு மேல சிக்னல்கள வச்சு ஒரு நெட்வொர்க்க பழக்கி, கிரகம் இருக்குன்னு தெரிஞ்ச 670 நட்சத்திரங்களோட பழைய டேட்டாவ மறுபடி தோண்டி, கெப்ளர்-90ங்கிற நட்சத்திரத்துக்கு எட்டாவது கிரகத்தக் கண்டுபுடிச்சாங்க. நம்ம சூரியனுக்கு எத்தன கிரகமோ அத்தன. ஷல்யூ யாருன்னா கூகுள்ல வேல பாத்த மென்பொருள் ஆளு, அப்ப வானியல் படிச்சவரு இல்ல. அந்தக் கோடு கிட்ஹப்ங்கிற கோடு பகிர்ற தளத்துல தொறந்து கெடக்கு. உன்னோட எஃப்.ஒய்.பி-க்கு (கடைசி வருஷ ப்ராஜெக்ட்) இது எனக்குப் புடிச்ச தேர்வு, கெப்ளருக்குப் பின்னாடி வந்த டெஸ் தொலைநோக்கி டேட்டாவுல அதே மாடல் எங்க சறுக்குதுன்னு பாத்தாக்கூட அது ஒரு முழு எஃப்.ஒய்.பி.

மூணாவது கொஞ்சம் கஷ்டம், ஆனா படிப்பினை இதுலதான் ஜாஸ்தி. 2018-ல ப்ளாஸ்டிக்னு ஒரு காகிள் போட்டி (நம்ம பிளாஸ்டிக் பை இல்ல, எழுத்துக்கூட்டு வேற), ரூபின் எப்புடி டேட்டா குடுக்கும்னு கற்பனையா செஞ்சு, வெளிச்சம் ஏறி எறங்குறத வச்சு இது எந்த வகைப் பொருள்னு சொல்லச் சொன்னாங்க. பயிற்சிக்கு 8,000-க்கும் கம்மியான பொருள், பரீட்சைக்கு 35 லட்சம் அளவுக்கு! அதுலயும் பயிற்சிக்குக் குடுத்தது பக்கத்துல இருக்குற பளிச்சுனு தெரியுற பொருளுங்க, பரீட்சையில வந்தது தூரத்துல மங்கலா இருக்குறது, போதாக்கொறைக்கு பயிற்சில பாக்காத வகைகளையும் உள்ள நொழச்சிட்டாங்க. ஆயிரத்துக்கும் மேல குழுக்கள், ஜெயிச்சது கைல் பூன்னு சூப்பர்நோவா ஆய்வு பண்ணிக்கிட்டிருந்த மாணவர். அவரு பெரிய ஆழமான நெட்வொர்க் எதையும் கட்டல, பளிச்சுனு இருந்த டேட்டாவ வேணும்னே மங்கலாக்கி தூரத்துல வச்சா எப்புடி இருக்குமோ அப்புடி மாத்தி, அத வச்சு சாதாரண முடிவு மர (டெசிஷன் ட்ரீ) மாடல்களப் பழக்குனாரு. ஃபேக்டரில இத நான் எங்க பசங்களுக்கு இன்னமும் சொல்றேன்: பழக்குன எடமும் வேல பாக்குற எடமும் ஒண்ணு இல்லன்னா அந்த மாடல நம்புறது ஓட்டக் கப்பல்ல கெளம்புன மாதிரி.

ப்ராஜெக்ட் பண்றப்ப ரெண்டு எடத்துல எல்லாரும் வழுக்குறாங்க, அதையும் சொல்லிடுறேன். ஆயிரம் புள்ளில பத்துதான் நெசம்னு வச்சுக்க, எல்லாத்துக்கும் "பொய்"னு சொல்ற மடையன் மாடலுக்குக்கூட 99 சதவீதம் மார்க். அதனால அக்குரசின்னு ஒரு எண்ண மட்டும் விண்ணப்பத்துல எழுதுனா படிக்கிறவரு அங்கயே மூடி வச்சிருவாரு, எத்தனைய தவற விட்ட, எத்தன பொய்ய நெசம்னு சொன்ன, ரெண்டையும் எழுது. இன்னொண்ணு, ஒரே நட்சத்திரத்தோட ஒரு துண்டு பயிற்சிலயும் இன்னொரு துண்டு பரீட்சைலயும் போய் உக்காந்துரும், மார்க் பிரமாதமா வரும், எல்லாம் காப்பியடிச்ச மார்க். பிரிக்கிறப்ப பொருள் வாரியாப் பிரி.

வானியல் அடிப்படைக்கு பயப்படாத. சிட்னி பல்கலைக்கழகம் கோர்செராங்கிற இணையப் பாடத் தளத்துல டேட்டா வழி வானியல்னு ஒரு பாடம் வச்சிருக்கு, பைத்தான், எஸ்கியூஎல், முடிவு மரம் வரைக்கும் வரும், கோடு ஏற்கெனவே தெரிஞ்ச உனக்கு ரெண்டு மூணு வாரம். அதுக்கு மேல எம்ஐடி தலைமையில 2020-ல ஆரம்பிச்ச ஐஏஐஎஃப்ஐ, வாயில நொழையாத பேர்தான், செயற்கை அறிவும் அடிப்படை இயற்பியலும் சேர்ந்த நிலையம், அவங்க வருஷா வருஷம் கோடைப் பள்ளி நடத்துறாங்க, நேர்ல போறது பிஎச்டி அளவுல உள்ளவங்களுக்கு, ஆனா பாடங்கள இணையத்துல போட்டுர்றாங்க. ரூபின் பக்கத்துல 2016-ல இருந்து ஓடுற டேட்டா சயின்ஸ் ஃபெலோஷிப் இருக்கு, அதுவும் மேல்படிப்பு மாணவர்களுக்கு, ரெண்டு வருஷம், ஆனா அவங்க நோட்புக் எல்லாம் கிட்ஹப்ல யாரு வேணா எறக்கிக்கலாம். உண்மையச் சொன்னா அந்த நோட்புக்குங்கதான் நான் பாத்ததுலயே சிறந்த பயிற்சி, பதிலே எழுதாத கேள்விகளோட இருக்கும், மண்டைய ஒடச்சுக்கிட்டாத்தான் ஏறும். பென்ஸ்டேட் பல்கலைக்கழகத்துல 2005-ல இருந்து வானியலுக்கான புள்ளியியல் கோடைப் பள்ளி நடக்குது, ஏஐன்னு பேர் பெருசா இருக்காது, ஆனா நெட்வொர்க் சொல்ற எண்ண எவ்ளோ நம்பலாம்னு தெரிஞ்சிக்கணும்னா அடி அங்கதான் இருக்கு.

கோடைப் பள்ளின்னு சொல்றப்ப ஒரு விஷயம், நமக்கு வருஷம் பூரா கோடைதான், ஆனா அவங்களுக்கு ஜூன் ஜூலை ஆகஸ்ட். விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி பிப்ரவரி மார்ச்சுல வந்து முடிஞ்சிரும், அதாவது நம்ம ஆளுங்க தைப்பூசம், சீனப் பெருநாள்னு லீவுல இருக்குறப்ப. ரெண்டு வருஷம் எனக்கு அப்புடித்தான் டெட்லைன் போச்சு, ஒரு வருஷம் தண்ணீர்மலைக்குக் காவடி கூட நடந்துக்கிட்டிருக்கிறப்ப ஞாபகம் வந்துச்சு, ஃபோன்ல சார்ஜ் இல்ல.

உனக்கு இப்பவே, டிகிரி முடிக்காமலே பொருந்துறது எதுன்னா கூகுள் சம்மர் ஆஃப் கோட், ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு கோடு எழுதுற திட்டம். அதுல ஓப்பன் அஸ்ட்ரானமின்னு ஒரு குடை அமைப்பு இருக்கு, சூரிய டேட்டாவுக்கான சன்பை மாதிரி வானியல் மென்பொருள் திட்டங்க அதுக்குக் கீழ வருது. 18 வயசு ஆயிருந்தாப் போதும், காசும் குடுப்பாங்க, தொகை நாட்டப் பொறுத்து மாறும். ஆனா விண்ணப்பம் தொறக்குறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே அந்தத் திட்டத்துல ஒரு சின்ன பக் சரி பண்ணி அனுப்பு, யாருன்னே தெரியாத ஆள எடுக்க மாட்டாங்க. இதுக்கு பிசிக்ஸே வேணாம், கோடு தெரிஞ்சா போதும், வானியல்காரங்க எப்புடிப் பேசிக்கிறாங்கன்னு காதுல விழுந்துக்கிட்டே இருக்கும், அது எந்தப் பாடத்துலயும் கெடைக்காது.

இப்ப மாநாடு. வானியல் மென்பொருளுக்குன்னே 1991-ல இருந்து வருஷா வருஷம் நடக்குறது ஆடாஸ், மொதல்ல டூசான்ல ஆரம்பிச்சாங்க, 2023-ல மறுபடி டூசான், 2024-ல மால்டா. என்னோட சொந்த அபிப்பிராயம், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளு மொதல்ல போக வேண்டிய மாநாடு இதுதான், அங்க எல்லாரும் பாதி வானியல் பாதி கோடு, யாரும் உன்ன "பிசிக்ஸ் தெரியாதா"ன்னு கேக்க மாட்டாங்க. ஏஐ பக்கத்துல இருந்து பாத்தா நியூரிப்ஸ் மாநாட்டோட சேந்து, மெஷின் லேர்னிங்கும் இயற்பியல் அறிவியல்களும்னு ஒரு பட்டறை நடக்குது, நாலு பக்கப் பேப்பர்தான் கேக்குறாங்க, ஏத்துக்கிட்டதெல்லாம் இலவசமா படிக்கலாம். நாலு பக்கம்னா லேசுன்னு நெனைக்காத, ஆனா எஃப்.ஒய்.பி நல்லா வந்தா அத நாலு பக்கமாச் சுருக்குறது முடியாத காரியம் இல்ல. ஐசிஎம்எல்ங்கிற இன்னொரு ஏஐ மாநாட்டோட சேந்து 2022-லயும் 2023-லயும் வானியலுக்குன்னே தனிப் பட்டறை நடந்துச்சு. பாரிஸ்ல வானியல் நிலையம் ஒண்ணு 2021-லயும் 2023-லயும் ஒரு மாநாடு வச்சாங்க, தலைப்பே "மெஷின் லேர்னிங் வானியல் சர்வேக்களுக்கு உண்மையிலயே உதவுமா, விவாதிப்போம்"ங்கிற தோரணைல. 2023-ல பாரிஸ்லயும் நியூயார்க்லயும் ஒரே நேரத்துல நடத்துனாங்க. அந்தப் பேச்சுகள யூடியூப்ல பாரு, ஏஐ பெருசு பெருசுன்னு சொல்றவங்களும், "நீ சொல்ற எண்ணுக்கு பிழை அளவு எங்கய்யா"ன்னு மடக்குறவங்களும் ஒரே மேடையில. எனக்கு ரெண்டாவது கூட்டத்தத்தான் புடிக்கும்.

பெரிய குடும்பக் கூட்டம்னா அனைத்துலக வானியல் ஒன்றியம், ஐஏயூ, மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. 2024 ஆகஸ்ட்ல கேப் டவுன், ஆப்பிரிக்காவுல மொத தடவ, அடுத்தது 2027 ரோம். அதுல வானியல் தகவலியலுக்குன்னு தனிக் குழுவே இருக்கு. ஆனா மொத மாநாடா அதுக்குப் போகாத, கல்யாண மண்டபத்துல பொண்ணு வீடும் தெரியாம மாப்பிள்ள வீடும் தெரியாம சாப்பாட்டுக்கு நிக்கிற மாதிரி ஆயிரும். ஆசிய பசிஃபிக் வட்டாரக் கூட்டம் ஒண்ணு தனியா நடக்குது, 2023-ல ஜப்பான் கொரியாமா, 2026-க்கு ஹாங்காங், அது நம்மளுக்கு தூரமும் கம்மி, கூட்டமும் அளவா இருக்கும்.

ஆனா தங்கச்சி, உன் பையில இருக்குற காசுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஏத்தது நம்ம சுத்துவட்டாரம்தான். நம்மாளுங்க எப்பவும் அமெரிக்காவப் பாத்துக்கிட்டு பக்கத்து வீட்டப் பாக்குறது இல்ல. தாய்லாந்து சியாங் மாய்ல நாரிட்னு தேசிய வானியல் நிலையம், தோய் இந்தானோன் மலையில 2.4 மீட்டர் தொலைநோக்கி, சியாங் மாய்லயே 40 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி, யுனெஸ்கோ ஆதரவுல ஒரு அனைத்துலகப் பயிற்சி மையமும் வச்சிருக்காங்க, விசா வேணாம். தென்கிழக்காசிய இளம் வானியலாளர் கூட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கு, சீயாக்னு சொல்வாங்க, மாணவர்களும் புதுசா வந்தவங்களும்தான் ஜாஸ்தி, மொத தடவ எந்திரிச்சு நின்னு பேசுறதுக்கு அத விட நல்ல எடம் எனக்குத் தெரியல. ஐஏயூ 1967-ல இருந்து இளம் வானியலாளர் பள்ளின்னு நடத்துது, சுமார் மூணு வாரம், வானியல் இன்னும் நல்லா வளராத நாடுகள்ல, வட்டாரத்துல நடக்குறப்ப கண்ண வச்சுக்க.

பெர்த் இன்னொண்ணு. கே.எல்-க்கும் பெர்த்துக்கும் கடிகாரம் ஒண்ணு, ஒரு நிமிஷம் வித்தியாசம் கெடையாது. மேற்கு ஆஸ்திரேலியாவுல எஸ்கேஏ-லோ ரேடியோ தொலைநோக்கி கட்டுறாங்க, 1,31,072 ஆன்டெனா, ஒவ்வொண்ணும் கிறிஸ்மஸ் மரம் மாதிரி ஆள் ஒசரத்துல நிக்கும், பெர்த்ல இக்ரார்னு ரேடியோ வானியல் நிலையம் 2009-ல இருந்து இருக்கு. எஸ்கேஏகாரங்க அவ்வப்போது டேட்டா சவால் வைக்கிறாங்க, 2018-ல மொதலாவது, 2021-ல ரெண்டாவது, கற்பனை வானத்தக் குடுத்து அதுல இருக்குற கேலக்ஸிகள கண்டுபுடிக்கச் சொல்றது, குழுவா சேரலாம். ஆன்லைன்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கூட்டம்னா பெர்த்ல இருக்குறவனுக்கும் ஆறு மணி, இந்த சௌகரியத்த நீ அமெரிக்கக் குழுவோட ராத்திரி ரெண்டு மணிக்கு மீட்டிங் உக்காந்த பெறகுதான் புரிஞ்சிக்குவ.

இந்தியா பக்கம் புனேல ஐயூகான்னு வானியல் ஆய்வு மையம் இருக்கு, பெரிய எடம், ஆனா அவங்க திட்டங்கள்ல பெரும்பாலும் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் முன்னுரிமை. எனக்கு அத விட ஆசையா இருக்குறது கொடைக்கானல். அங்க சூரிய ஆய்வகம் 1899-ல இருந்து, நூறு வருஷத்துக்கும் மேல சூரியன எடுத்த படங்கள டிஜிட்டல் ஆக்கி வச்சிருக்காங்க. கண்ணாடித் தட்டுல எடுத்த பழைய படம், கீறல், அழுக்கு, மேகம் எல்லாத்தோடயும், அதுல சூரியப் புள்ளிய மாடல வச்சுப் பிரிக்கிறது அசல் வேல, நம்ம இன்ஸ்பெக்ஷன் லைன் மாதிரியேதான். தாத்தா ஊருக்குப் போறப்ப ஒரு நாள் கொடைக்கானல் ஏறிட்டு வா.

காசு இல்லன்னா இத்தாலி ட்ரியெஸ்ட்ல ஐசிடிபின்னு ஒண்ண மனசுல வச்சுக்க, அப்துஸ் சலாம் 1964-ல ஆரம்பிச்சது, நம்மள மாதிரி நாடுகளுக்காகவே. அங்க நடக்குற பட்டறைகளுக்குப் பதிவுக் கட்டணம் கெடையாது, வளரும் நாட்டு ஆளுங்களுக்கு செலவுலயும் ஒரு பங்கு உதவுவாங்க, எல்லாருக்கும் கெடைக்காது, ஆனா கேக்கணும். மலேசியா பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன்ல 90 நாளுக்கு விசா வேணாம், அமெரிக்கான்னா விசா, பேட்டி எல்லாம் உண்டு, அத கணக்குல வச்சு மாசக்கணக்கா முன்னாடியே பாரு. இடையில யாராவது எச்ஆர்டி கோர்ப் கிளெய்ம் பண்ணலாம்னு ரெண்டு நாள் ஏஐ பயிற்சி விக்க வருவாங்க, அது கம்பெனி தன் ஊழியருக்குக் கட்டுற லெவி, மாணவிக்கு அதுல ஒண்ணும் இல்ல.

நடைமுறையா என்ன பண்ணலாம்னா, உங்க யூனில பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் கதவத் தட்டு. உன் எஃப்.ஒய்.பி சூப்பர்வைசருக்கு வானியல் தெரியாட்டி பரவால்ல, பிசிக்ஸ்ல இருந்து ஒருத்தர கோ-சூப்பர்வைசரா கேளு, அவங்களுக்கும் கோடு எழுதுற ஆளு கெடைக்காம திண்டாட்டம்தான், நீ போய் நின்னா கும்பிடாத கொறையா கூப்பிட்டுப்பாங்க. டேட்டா கெடைக்காதேன்னு கவலப்படாத. ரூபினோட முழு டேட்டா, அதப் பாக்க உரிமை உள்ளவங்களுக்கு மட்டும்தான் மொத ரெண்டு வருஷத்துக்கு, ஆனா எச்சரிக்கை ஓட்டம் எல்லாருக்கும் பொது, அலெர்சே, ஃபிங்க், லாசேர்னு இடைத்தரகர் தளங்க வழியா வரும், நல்ல தரகருங்கதான், கமிஷன் கேக்க மாட்டாங்க. அதே தளங்கள்ல கலிஃபோர்னியா பாலோமர் மலையில 2018-ல இருந்து ஓடுற இசட்டிஎஃப் சர்வேயோட எச்சரிக்கையும் இருக்கு, இன்னைக்கு ராத்திரியே ஒரு சூப்பர்நோவாவோட வெளிச்சம் ஏறி எறங்குற வளைவ எறக்கி வரஞ்சு பாக்கலாம். வரஞ்சதும் எனக்கு அனுப்பு, அச்சுல அலகு எழுதாம அனுப்புனா திருப்பி அனுப்புவேன், இப்பவே சொல்லிட்டேன்.

அந்த மெயிலுக்கு பதில் போடாத. "கட்டணச் சலுகை இன்றோடு முடிகிறது"ன்னு இன்னும் மூணு தடவ வரும், நாலாவது தடவ 1,200 வெள்ளிக்கு எறங்கியிருப்பாங்க.